நிலம் நடுங்கினால் துப்பாக்கி ஓயுமா? பேரிடர்க் காலப் போர்நிறுத்தம்: எளிய விளக்கம்

போர் நடக்கும் நாட்டில் நிலநடுக்கமோ ஆழிப்பேரலையோ வந்துவிட்டால் இரண்டாம் நாளே ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "மனிதனால் முடியாததை இயற்கை செய்துவிட்டது, சண்டை நின்றுவிட்டது." சான்றாக இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைக் காட்டுவார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி. 2005 ஆகஸ்ட் 15ஆம் தேதி அமைதி ஒப்பந்தம். கணக்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே நாளில், அதே சுனாமியில் இலங்கையிலும் சுமார் 35,000 பேர் மாண்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் அங்கே முழுப்போர் மூண்டது.

சுனாமி ஒன்றுதான், விளைவு வேறு. அப்படியென்றால் போரை நிறுத்தியது அலையாக இருக்க முடியாது. பேரிடர் வரும்போது சண்டை ஏன் சில இடங்களில் நிற்கிறது, எவ்வளவு காலம் நிற்கிறது, எதனால் மறுபடி தொடங்குகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மழையால் நின்ற ஆட்டம்

கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவில் மழை பிடித்துக்கொள்கிறது. இரு அணிகளும் உள்ளே ஓடுகின்றன. ஆடுகளத்தை மூடுகிறார்கள். ஆட்டம் நின்றுவிட்டது, ஆனால் முடியவில்லை. ஸ்கோர் பலகையில் எண்கள் அப்படியே இருக்கின்றன. யார் எந்த முனையில் நின்றார் என்பதும் நடுவருக்கு நினைவிருக்கிறது. மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும்.

இன்னொரு காட்சியையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அணித் தலைவர்களும் காலையிலிருந்தே "இந்த ஆட்டத்தில் இனி யாருக்கும் வெற்றியில்லை" என்ற எண்ணத்தில் இருக்கிறார்கள். முதலில் அதைச் சொன்னவர் பயந்துவிட்டார் என்று ஆகிவிடுமே என்று இருவரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் மழை வருகிறது. இப்போது "மழை, என்ன செய்வது" என்று கைகுலுக்கிக்கொண்டு கிளம்பலாம். யாரும் தோற்றதாக ஆகாது.

பேரிடர் போரில் செய்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான். முதல் காட்சிதான் அடிக்கடி நடப்பது. இரண்டாவது அரிது, செய்தியாவதும் நினைவில் நிற்பதும் என்னவோ அதுதான்.

மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

குழப்பத்தில் பாதி சொற்களால் வருகிறது. "போர் நின்றது" என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று வேறு விஷயங்களைப் போட்டுவிடுகிறார்கள்.

மனிதாபிமான இடைநிறுத்தம்: குறிப்பிட்ட ஒரு வேலைக்காக, குறிப்பிட்ட இடத்தில், சில மணிநேரமோ சில நாட்களோ சுடாமல் இருப்பது. காயம்பட்டவர்களை எடுக்க, உடல்களை மீட்க, மருந்து வண்டி போக என்று காரணம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும். இது புதிய யோசனை அன்று. 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை, 15ஆம் பிரிவில், காயமுற்றோரை அகற்ற சூழ்நிலை அனுமதிக்கும்போதெல்லாம் இப்படி உள்ளூர் அளவில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்கிறது.

போர்நிறுத்தம்: இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, பரந்த பகுதியில், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆயுதங்களை ஓயவைப்பது. ஒரு தரப்பு மட்டும் அறிவித்தால் அது ஒருதலைப்பட்சப் போர்நிறுத்தம். பேரிடரை ஒட்டி வருபவற்றில் பெரும்பாலானவை இந்த ஒருதலைப்பட்ச வகைதான். "நாங்கள் தாக்கமாட்டோம், ஆனால் தாக்கினால் திருப்பி அடிப்போம்" என்பதே அவற்றின் வழக்கமான வாசகம். அந்த இரண்டாம் பாதி எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அமைதி ஒப்பந்தம்: எதற்காகச் சண்டை தொடங்கியதோ அந்தக் காரணத்தையே கையிலெடுத்துத் தீர்ப்பது. நிலம், அதிகாரம், வரி, படை, தேர்தல் எல்லாம் இதில் வரும்.

மேல்படி தானாக வரும் என்று இவற்றை ஏணியாக நினைத்துவிடக் கூடாது. கொரியாவில் 1953 ஜூலை 27ஆம் தேதி கையெழுத்தான போர்நிறுத்தம் இன்னும் அமைதி ஒப்பந்தமாக மாறவில்லை. பேரிடர் கொண்டுவருவது முதல் வகையை. சில வேளை இரண்டாவதை. மூன்றாவதை எந்தப் பேரிடரும் தன் கையால் கொண்டுவந்ததில்லை.

நிறுத்துவது எது?

ஒரு நிலநடுக்கம் எந்த வழியில் துப்பாக்கியை ஓயவைக்கிறது? நான்கு வழிகள் தெரிகின்றன.

முதலாவது, கை ஓய்வது. பாலம் இடிந்தால் நிவாரண லாரி மட்டுமல்ல, படை வண்டியும் போகாது. முகாம்களும் எரிபொருள் கிடங்குகளும் சேதமாகின்றன. ஆயுதம் ஏற்றிச்சென்ற ஹெலிகாப்டர் இப்போது மருந்தும் கூடாரமும் ஏற்றுகிறது. வீரர்கள் இடிபாடு அகற்றப் போகிறார்கள். இந்த ஓய்வுதான் எல்லாவற்றிலும் குறுகியது. பாலத்தைச் சரிசெய்த அன்றே அது முடிந்துவிடும். நிவாரணத்துக்காகப் போட்ட அதே சாலையில் கவச வண்டியும் போகும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாலை உடைந்தால் தரைப்படைதான் முடங்கும். விமானப்படைக்குச் சாலை தேவையில்லை. அதனால் பேரிடருக்குப் பிறகு தரையில் சண்டை குறைந்து, வானிலிருந்து குண்டு விழுவது மட்டும் தொடரும் நிலை வரலாம்.

இரண்டாவது, கணக்கு மாறுவது. போராளியின் தாயும் தங்கையும் இடிந்த ஊரில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் தாக்குதல் நடத்தும் இயக்கம் தன் ஆதரவாளர்களையே இழக்கும். அரசுக்கும் அப்படித்தான்: உடல்களை எடுக்க வேண்டிய படை சுட்டுக்கொண்டிருந்தால் சொந்த மக்களே கேள்வி கேட்பார்கள்.

மூன்றாவது, வெளியார் கண். மூடிக்கிடந்த பகுதிக்குள் பன்னாட்டு மீட்புக் குழுக்கள், செய்தியாளர்கள், பணம் கொடுக்கும் நாடுகளின் அதிகாரிகள் எல்லோரும் வந்து இறங்குகிறார்கள். யாரும் பார்க்காத இடத்தில் செய்ததை இப்போது செய்ய முடியாது.

நான்காவது, சாக்கு. சாக்கு என்றால் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நான்கில் இதுதான் நீண்ட நாள் நிற்பது. பேச வேண்டும் என்று ஏற்கெனவே முடிவெடுத்திருந்த தலைவருக்கு, தன் ஆட்களிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும். "எதிரிக்குப் பணிந்தோம்" என்று சொல்ல முடியாது. "மக்களுக்காக நிறுத்தினோம்" என்று சொல்லலாம். முகம் கெடாமல் பின்வாங்க ஒரு வழி கிடைக்கிறது. ஆனால் பேசும் எண்ணமே இல்லாதவருக்கு இந்தச் சாக்கால் பயனில்லை. இத்துறை ஆய்வாளர்கள் பேரிடரை "வினையூக்கி" என்பது இதனால்தான்: நடந்துகொண்டிருக்கும் வினையை வேகப்படுத்தும், இல்லாத வினையை உண்டாக்காது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பேரிடரால் பெரும்பாலும் கிடைப்பது குறுகிய இடைநிறுத்தம். கையும் கணக்கும் வெளியார் கண்ணும் அதைச் சில வாரம் தாங்கும். அதற்கு மேல் நீள வேண்டுமானால், நிறுத்தும் எண்ணம் பேரிடருக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

ஒரு போர்நிறுத்தத்தின் உறுப்புகள்

"சுடுவதை நிறுத்துகிறோம்" என்ற ஒரு வாக்கியம் போர்நிறுத்தம் ஆகிவிடாது. வேலை செய்யும் போர்நிறுத்தத்தில் குறைந்தது ஆறு விஷயங்கள் தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

நேரம். தொடங்கும் நாள் மட்டும் போதாது, மணியும் வேண்டும். யார் கடிகாரப்படி என்பதும் வேண்டும். இது விளையாட்டுப் பேச்சல்ல. 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்னால் நகர்த்தியபோது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. 2006 வரை ஒரே தீவில் அரை மணிநேர வித்தியாசத்தில் இரண்டு நேரங்கள் ஓடின. ஆணை கடைசிக் காவலரண் வரை போய்ச்சேர அவகாசமும் தேவை. கொரியாவில் காலை 10 மணிக்குக் கையெழுத்திட்டு, இரவு 10 மணிக்கு நடைமுறை என்று வைத்தார்கள். பன்னிரண்டு மணிநேரம் அதற்குத்தான். நிலநடுக்கத்தில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் சாய்ந்திருந்தால் அந்த அவகாசத்தை இன்னும் கூட்ட வேண்டும்.

இடம். நாடு முழுவதுமா, பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் மட்டுமா? "பாதிக்கப்பட்ட பகுதி" என்று பொதுவாக எழுதினால் எல்லை எங்கே என்பதில் மறுநாளே சண்டை வரும். மாவட்டப் பெயர், ஆறு, சாலை என்று குறித்தால்தான் பிடி கிடைக்கும்.

தடைசெய்யப்பட்ட செயல்கள். சுடக் கூடாது, சரி. பதுங்குகுழி தோண்டலாமா? படையை நகர்த்தலாமா? ஆள் சேர்க்கலாமா? உளவு டிரோன் பறக்கலாமா? இவை எழுதப்படாவிட்டால் எதிரி ஓய்வைப் பயன்படுத்திப் பலம் பெறுகிறான் என்ற பயம் இரு பக்கமும் வளரும். போர்நிறுத்தங்களை முதலில் அரிப்பது தோட்டாவை விட இந்தப் பயம்தான்.

நிவாரண வழி. மோதல் தவிர்ப்பு அறிவிப்பு என்றொரு நடைமுறை உண்டு. எத்தனை வண்டிகள், எந்தப் பாதை, எப்போது கிளம்பி எப்போது சேரும், பொறுப்பாளர் யார் என்பதை முன்கூட்டியே இரு தரப்புப் படைக்கும் தெரிவித்து, "இந்த நேரத்தில் இந்தப் பாதையில் சுடமாட்டோம்" என்ற ஒப்புதலைப் பெறுவது. அறிவித்தால் மட்டும் போதாது. படைத் தலைமை பெற்றுக்கொண்ட தகவல் அந்தப் பாதையிலுள்ள சோதனைச்சாவடிக்குப் போயிருக்க வேண்டும். இடையில் அறுந்துபோவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கண்ணிதான்.

கண்காணிப்பு. மீறல் நடந்தால் யார் போய்ப் பார்ப்பது? இரு தரப்பும் ஏற்கும் மூன்றாம் ஆள் இல்லையென்றால் ஒவ்வொரு துப்பாக்கிச் சத்தத்துக்கும் இரண்டு கதைகள் வரும்.

முறிக்கும் முறை. இதை எழுதப் பலரும் தயங்குவார்கள், அபசகுனம் போல. ஆனால் 1907ஆம் ஆண்டின் ஹேக் போர் விதிகளே இதைப் பேசுகின்றன: காலம் குறிக்கப்படாத போர்நிறுத்தத்தை எந்தத் தரப்பும் எப்போதும் முடித்துக்கொள்ளலாம், ஆனால் ஒப்புக்கொண்ட கால அளவுக்குள் எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். தனி ஆட்கள் தம் விருப்பத்துக்கு மீறினால் அவர்களைத் தண்டிக்கக் கேட்கலாம். அதையே காரணமாக்கிப் போரைத் தொடங்க முடியாது என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. ஒரு குடிகாரச் சிப்பாயின் துப்பாக்கி ஒப்பந்தத்தைக் கொல்லக் கூடாது என்பதே இதன் பொருள்.

பேரிடரில் அவசரமாக அறிவிக்கப்படும் போர்நிறுத்தங்களில் இந்த ஆறில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நாள் இருக்கும், "மனிதாபிமானம்" இருக்கும். மற்றவை இருக்காது.

நாட்கணக்கில் என்ன நடக்கிறது

முதல் மூன்று நாட்கள், அதாவது 72 மணிநேரம், இடிபாட்டில் சிக்கியவர்களை உயிரோடு எடுக்கும் வாய்ப்பு அதிகமுள்ள காலம். பெரும்பாலான உயிர்களைக் காப்பாற்றுவது பக்கத்து வீட்டுக்காரர்களின் கைகளே. வெளிநாட்டுக் குழு இறங்கும்போது அந்தக் காலத்தில் பெரும்பகுதி கழிந்திருக்கும். இங்கே ஒரு வருத்தமான பொருத்தமின்மை இருக்கிறது: போர்நிறுத்த அறிவிப்பு அநேகமாக இந்த 72 மணிநேரம் முடிந்த பிறகே வருகிறது. உயிர் மீட்புக்கு அது பெரும்பாலும் பயன்படுவதில்லை. காயம்பட்டோர் சிகிச்சை, குடிநீர், தங்குமிடம் என்ற அடுத்த கட்டத்துக்குத்தான் உதவுகிறது.

இரண்டாம் வாரம் வரை இரக்கம் மேலோங்கி நிற்கும். மூன்றாம் வாரத்திலிருந்து கேள்வி மாறுகிறது: பணம் யார் கையில்? பட்டியல் யார் போடுவது? எங்கே வீடு கட்டுவது? நிவாரணம் என்பது பொருள் மட்டுமல்ல, அதிகாரமும்தான். அரிசி மூட்டையில் யார் முத்திரை இருக்கிறதோ அவரே ஆளுகிறார் என்று மக்கள் புரிந்துகொள்வார்கள். தன் முத்திரை இல்லாமல் எதிரியின் பகுதிக்கு மூட்டை போவதை எந்த அரசும் விரும்பாது. அரசின் முத்திரையோடு தன் பகுதிக்குள் வருவதை எந்த இயக்கமும் விரும்பாது. பேரிடர்க்காலப் போர்நிறுத்தங்களின் விதி இந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது.

ஆச்சேயும் இலங்கையும்

ஆச்சேயில் சுதந்திர ஆச்சே இயக்கம் 1976 முதல் தனிநாடு கேட்டுப் போராடியது. 2003 மே மாதம் இராணுவச் சட்டம் போட்டு அரசு பெரும் தாக்குதலை நடத்தியது. இயக்கம் பலவீனப்பட்டது, ஆனால் அழியவில்லை. 2004 அக்டோபரில் புதிய அதிபராக சுசிலோ பாம்பாங் யுதோயோனோவும் துணை அதிபராக யூசுப் கல்லாவும் வந்தார்கள். இருவருமே பேச்சுவார்த்தையில் நாட்டமுள்ளவர்கள். இயக்கத்துடன் மறைமுகத் தொடர்பு அப்போதே தொடங்கிவிட்டது. பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அத்திசாரியை மத்தியஸ்தராக வைத்துச் சந்திப்பதற்கான ஏற்பாடு சுனாமிக்குச் சற்று முன்பே நடந்துகொண்டிருந்தது. பலர் தவறவிடும் விவரம் இது.

பிறகு அலை வந்தது. ஆச்சேயில் மட்டும் இறந்தோரும் காணாமற்போனோருமாக 1.6 லட்சத்துக்கும் மேல். இயக்கம் சில நாட்களில் ஒருதலைப்பட்சப் போர்நிறுத்தம் அறிவித்தது. வெளியாருக்கு மூடப்பட்டிருந்த மாகாணம் திறந்தது. ஜனவரி இறுதியில் ஹெல்சிங்கியில் முதல் சுற்று. ஜூலைக்குள் ஐந்து சுற்றுகள். இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையை விட்டுத் தன்னாட்சிக்கு வந்தது. அரசு உள்ளூர்க் கட்சிகளை அனுமதிக்கவும் எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 சதவீதத்தை ஆச்சேக்கு விடவும் ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் இடையில் களத்தில் மோதல்கள் முழுதாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையில் துப்பாக்கி ஓய்ந்தது ஒப்பந்தத்துக்குப் பிறகுதான். ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் சேர்ந்த கண்காணிப்புக் குழு இயக்கத்தின் 840 ஆயுதங்களைப் பெற்று அழித்தது. அதற்கு ஈடாக, மாகாணத்துக்கு வெளியிலிருந்து வந்த அரசுப் படைகள் நான்கு கட்டங்களாக வெளியேறின. ஒரு கட்டம் ஆயுதம், ஒரு கட்டம் படை விலகல். யாரும் முழு நம்பிக்கையோடு முதலில் குதிக்க வேண்டியிருக்கவில்லை.

இலங்கையில் நிலைமை தலைகீழ். அங்கே சுனாமி வந்தபோது போர் நடக்கவே இல்லை. நோர்வேயின் அனுசரணையில் 2002 பிப்ரவரி 22ஆம் தேதி கையெழுத்தான போர்நிறுத்தம் தாளில் உயிரோடு இருந்தது. ஆனால் 2003 ஏப்ரலில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்துபோயிருந்தார். அந்த ஆண்டு நவம்பர் மாவீரர் நாள் உரையில், நிபந்தனையின்றிப் பேச்சு தொடங்காவிட்டால் போராட்டத்தை முன்னெடுப்பதைத் தவிர வழியில்லை என்று புலிகள் தரப்பு எச்சரித்திருந்தது. இரு பக்கமும் விலகும் பாதையில் இருந்தபோதுதான் அலை அடித்தது.

முதல் வாரங்களில் சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டது உண்மை. அது பொய்யாகப் போனது என்று சொல்வது அநியாயம். ஆனால் மக்களின் இரக்கம் ஒப்பந்தமாக மாற நிர்வாக வடிவம் வேண்டும். அதற்கென உருவானதே சுனாமிப் பொதுக்கட்டமைப்பு: கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வரும் பகுதிகளில், வடகிழக்கின் ஆறு மாவட்டங்களில், அரசும் புலிகளும் முஸ்லிம் பிரதிநிதிகளும் சேர்ந்து நிவாரண நிதியைக் கையாளும் குழுக்கள். இது கையெழுத்தாக 2005 ஜூன் 24 ஆகிவிட்டது. சுனாமி முடிந்து ஆறு மாதம். கையெழுத்திட்டவர்களில் தாங்கள் இல்லை என்று முஸ்லிம் தரப்பு மனக்குறைப்பட்டது. ஆளும் கூட்டணியிலிருந்த மக்கள் விடுதலை முன்னணி இதை எதிர்த்து அரசிலிருந்தே விலகி, நீதிமன்றம் போனது. ஜூலை 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிராந்திய நிதியம், கிளிநொச்சியில் அலுவலகம் உள்ளிட்ட முக்கியக் கூறுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு தொடங்காமலே முடிந்தது.

சிறிய விஷயங்களும் புண்ணைக் கிளறின. கரையோரத்தில் வீடு கட்டத் தடைசெய்த பகுதி தெற்கில் 100 மீட்டர், வடகிழக்கில் 200 மீட்டர். காரணம் எதுவாக இருந்தாலும், ஏற்கெனவே நம்பிக்கையற்ற இரு சமூகங்களுக்கு அந்த எண்கள் வேறு பொருளில்தான் படும். ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டார். நவம்பரில் அதிபர் மாறினார். 2006 நடுப்பகுதியில் கிழக்கில் மாவிலாறு மதகு மூடப்பட்டதை ஒட்டி முழுப்போர் மூண்டது. இதில் ஒரு முரண்: 2002 உடன்படிக்கையை முறிக்க 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று இருந்தது, அரசு அதைக் கொடுத்தது 2008 ஜனவரியில். அதற்குள் போர் ஒன்றரை ஆண்டு நடந்துவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடுகள் துலங்கும். ஆச்சேயில் களைத்த இயக்கமும் விட்டுக்கொடுக்கத் தயாரான அரசும், அலைக்கு முன்பே பேச வழி தேடின. நிவாரணத்துக்கு ஒரே சிறப்பு அமைப்பை அரசு 2005 ஏப்ரலில் நிறுவியது. பணத்தை யார் பகிர்வது என்ற சண்டை அமைதிப் பேச்சின் மேசைக்கு வரவில்லை. இலங்கையிலோ நிவாரணப் பகிர்வே அதிகாரப் பகிர்வின் முன்னோட்டமாகப் பார்க்கப்பட்டது. தீராத பழைய கேள்வியை ஒரு புதிய, சின்ன மேசையில் வைத்தார்கள், அது தாங்கவில்லை.

எங்கே அறுகிறது

மியான்மர் அண்மைய பாடம். 2025 மார்ச் 28ஆம் தேதி சகாயிங் அருகே 7.7 அளவு நிலநடுக்கம். இறந்தவர்கள் 3,700க்கும் மேல். இராணுவ ஆட்சியை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசு 30ஆம் தேதி முதல் இரண்டு வாரம் தாக்குதல் நடவடிக்கைகளை நிறுத்துவதாக அறிவித்தது. இனக்குழு ஆயுதப்படைகளின் மூன்று சகோதரர் கூட்டணி ஏப்ரல் 1ஆம் தேதி ஒரு மாதத்துக்கு அறிவித்தது. இராணுவம் ஏப்ரல் 2ஆம் தேதி, 22 வரை என்று அறிவித்துப் பிறகு நீட்டியது. கவனியுங்கள்: மூன்று அறிவிப்புகள், மூன்று கால அளவுகள், பொதுவான ஆவணம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் "தாக்கினால் பதிலடி" என்ற ஓட்டை. விமானத் தாக்குதல்கள் தொடர்ந்தன. ஒவ்வொரு தரப்பும் தான் பதிலடிதான் கொடுப்பதாகச் சொன்னது. கண்காணிக்க யாரும் இல்லாததால் அதைப் பொய்யென்று சொல்லும் அதிகாரமும் யாருக்கும் இல்லை.

காஷ்மீரில் 2005 அக்டோபர் 8ஆம் தேதி 7.6 அளவு நிலநடுக்கம் வந்தது. பாகிஸ்தான் பக்கம் மட்டும் 73,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைப்பகுதி, பனிக்காலம் நெருங்குகிறது, ஹெலிகாப்டர் பற்றாக்குறை. இந்தியா ஹெலிகாப்டர் தருவதாகச் சொன்னது. பாகிஸ்தான், விமானிகள் இல்லாமல் கொடுங்கள் என்றது. இந்தியா அதற்கு ஒப்பவில்லை. ஹெலிகாப்டர் போகவில்லை. கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் எதிரி விமானி கட்டுப்பாட்டுக் கோட்டின் மேல் பறந்தால் நிலைகளைப் பார்த்துவிடுவான், எதிரியிடம் இயந்திரத்தைக் கொடுத்தால் அது என்னவாகும் என்ற இரண்டு பயங்களும் படைக்காரர்களுக்கு உண்மையானவை. அக்டோபர் இறுதியில் கோட்டில் ஐந்து கடவைகளைத் திறக்க இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. அதற்கு உதவியது 2003 நவம்பர் முதல் அங்கே நிலவிய போர்நிறுத்தம். நிலநடுக்கம் அதை உண்டாக்கவில்லை, அதன் மேல் நடந்துபோனது.

துருக்கியில் 2023 பிப்ரவரி 6ஆம் தேதி நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசை எதிர்த்து ஆயுதமேந்திய குர்து தொழிலாளர் கட்சி தாக்குதலை நிறுத்துவதாக அறிவித்து, ஜூனில் திரும்பப் பெற்றது. பிலிப்பைன்ஸில் 2013இல் ஹையான் சூறாவளிக்குப் பிறகு கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பாதிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் சில வாரம் நிறுத்தினார்கள். இரண்டும் மழையால் நின்ற ஆட்டங்கள். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

எதிர்த்திசையிலும் போகும்

பேரிடர் போரை மூட்டவும் செய்யும். 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா சூறாவளியில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். மத்திய அரசின் மந்தமான நிவாரணம் வங்காளிகளின் கோபத்தைக் கூட்டியது. அடுத்த மாதம் தேர்தல், அடுத்த ஆண்டு போர், வங்காளதேசம். வினையூக்கி எந்த வினை நடக்கிறது என்று பார்ப்பதில்லை, எதிர்ப்படுவதை வேகப்படுத்துகிறது.

வறட்சி, பஞ்சம் போல மெதுவாக வருபவை சண்டையை நிறுத்துவது அரிது. ஒரே நாளில் எல்லோரையும் உலுக்கும் அதிர்ச்சி இல்லை. "இன்று நிறுத்துவோம்" என்று சொல்ல ஒரு தேதி இல்லை. போதாக்குறைக்கு, பஞ்சத்தில் உணவே ஆயுதமாகிவிடும். 2011இல் சோமாலியாவில் பஞ்சம் அறிவிக்கப்பட்ட பிறகும் அல் ஷபாப் என்ற ஆயுதக் குழு தன் பகுதியில் பல உதவி அமைப்புகளைத் தடைசெய்தது.

சுருக்கமாக: திடீர்ப் பேரிடர் இடைநிறுத்தத்துக்கு வாய்ப்புத் தரும், மெதுவான பேரிடர் அநேகமாகத் தராது. முன்பே கோபம் கனன்றுகொண்டிருந்தால் இரண்டுமே அதை ஊதிவிடும்.

பேரிடர் இல்லாமலே நிறுத்தியவர்கள்

எல் சல்வடோரில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1985இல், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட மூன்று நாட்கள் சண்டையை நிறுத்த இரு தரப்பும் இணங்கின. யுனிசெப்பும் தேவாலயமும் இடையில் நின்றன. அதன் பிறகு போர் முடியும்வரை ஆண்டுதோறும் இது நடந்தது. சூடானில் 1995இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் முயற்சியால், கினிப்புழு நோயை ஒழிக்கும் பணிக்காக இரண்டு மாதம் என்று தொடங்கிய போர்நிறுத்தம் ஏறக்குறைய ஆறு மாதம் நீண்டது.

இவை ஏன் பேரிடர்க்கால அறிவிப்புகளை விட ஒழுங்காக நடந்தன? நாள் முன்பே தெரியும். வேலை என்ன என்பது தெளிவு. பொருளின் மேல் யாருக்கும் போட்டி இல்லை. தடுப்பூசியை எடுத்துப் போய் எதிரி விற்கவோ படைக்குக் கொடுக்கவோ பெரிதாக வழியில்லை. இரு தரப்பும் நம்பும் ஆள் நடுவில் இருந்தார். மேலே பார்த்த ஆறு உறுப்புகளில் நான்கைந்து தாமாகவே பொருந்தின. ஆனால் இரண்டு போர்களும் அதனால் முடியவில்லை. அதைச் சாதிக்க அவை உருவாக்கப்படவும் இல்லை.

அடுத்த முறை செய்தி வரும்போது

"நிலநடுக்கத்தால் போர் நின்றது" என்று தலைப்பு கண்ணில் பட்டால் முதலில் பார்க்க வேண்டியது அறிவித்தது ஒருவரா இருவரா என்பது. அடுத்து, எத்தனை நாள், எந்தப் பகுதி. பிறகு, "பதிலடி" விதிவிலக்கு இருக்கிறதா, வான்படை பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா. கண்காணிப்பவர் யார் என்ற வரி செய்தியில் இல்லையென்றால் பெரும்பாலும் அப்படி ஒருவர் இல்லை என்றே கொள்ளலாம்.

இவற்றை விட முக்கியமான கேள்விக்கு விடை அன்றைய செய்தியில் இருக்காது, மூன்று மாதம் பழைய செய்திகளில் இருக்கும்: இந்த இரு தரப்பும் பேரிடருக்கு முன் எங்காவது, யார் மூலமாவது பேசிக்கொண்டிருந்தனவா? ஆம் என்றால் தேதி முடிந்த பிறகும் கவனித்துக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் நிவாரணப் பணத்தைப் பங்கிடும் கட்டம் எப்போது வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில்.

நின்ற பிறகும் ஆபத்து தீர்வதில்லை என்பதற்கு ஒரு விவரம். பொஸ்னியாவில் போர் 1995இல் முடிந்தது. 2014 மே மாதம் வந்த பெருவெள்ளம், புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகளை இடம்பெயர்த்து, எச்சரிக்கைப் பலகைகளையும் அடித்துக்கொண்டு போனது. வெடிகள் எங்கே இருக்கின்றன என்று இருபது ஆண்டுகளாகப் பொறுமையாக வரைந்து வைத்த வரைபடங்களை அந்தப் பகுதிகளில் அப்படியே நம்ப முடியாமல் போய், கண்ணிவெடி அகற்றுவோர் மறுபடியும் தேட வேண்டியதாயிற்று.